திரும்பி வராத ஸ்கோர் அட்டை

அந்தச் சனிக்கிழமை கொடியில் முப்பத்தேழு அட்டைகள் தொங்கின. முப்பத்தெட்டு தொங்கியிருக்க வேண்டும். பகல் பதினொரு மணிபோல் பிடித்த மழை பின்னேரம் வரை விடவில்லை. கோல்ஃப் ஆடப் போனவர்கள் பாதியில் நனைந்து, மீதியை நனைந்தபடியே ஆடி முடித்து, நான் வேலை செய்யும் கந்தோர் வாசலில் இருந்த மரப்பெட்டிக்குள் தங்கள் ஸ்கோர் அட்டைகளைப் போட்டுவிட்டுக் கார்களுக்கு ஓடினார்கள். பெட்டியைத் திறந்தபோது அட்டைகளெல்லாம் தேநீரில் தோய்த்த பாண் துண்டுகள் போல் ஊறியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, கவுண்டருக்குப் பின்னால் மின்விசிறிக்குக் கீழே கட்டியிருந்த நைலோன் கொடியில் உடுப்புக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். பென்சிலால் எழுதியவை என்பதால் எண்கள் கரையவில்லை. தொங்கவிட்ட பிறகு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். ஒன்று குறைந்தது.

நான் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவள். சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டு, எங்கள் பங்குத் தந்தை எழுதித் தந்த ஒரு கடிதத்தோடு இந்த கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். கிளப்பின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் பெரிய மனிதர்கள் வந்து விளையாடும் இடம், அவ்வளவுதான். ஆட்கள் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. விளையாடப் போகிறவர் கவுண்டருக்கு வருவார். இலக்கமிட்ட ஓர் அட்டையைக் கொடுத்து, அந்த இலக்கத்தை அவருடைய பெயருக்கு நேரே புத்தகத்தில் எழுதுவேன். திரும்பி வந்ததும் அட்டை பெட்டிக்குள் விழும். எடுத்துப் பதிவேன். பேச்சுக்கு இடமில்லாத வேலை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கடதாசி மட்டையில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கோல்ஃபில் ஹேண்டிகேப் என்று ஒன்று உண்டு. நன்றாக ஆடத் தெரியாதவரும் கெட்டிக்காரரும் ஒரே போட்டியில் சரிசமமாக மோதுவதற்காக, பலவீனமானவருக்குக் கொடுக்கும் சலுகை அது. பந்தை அடித்த தடவைகள் குறையக் குறைய ஸ்கோர் நல்லது. பதினெட்டு ஹேண்டிகேப் உள்ளவர் தொண்ணூறு அடியில் ஆடி முடித்தால், பதினெட்டைக் கழித்து எழுபத்திரண்டு என்று எடுப்பார்கள். இந்த எண்ணை முடிவு செய்வது அவரவர் கொண்டுவந்து போடும் அட்டைகள்தான். ஆகவே ஒருவர் மிக நன்றாக ஆடிய நாளில் அட்டையைச் சட்டைப்பையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், அவருடைய சலுகை குறையாமல் அப்படியே இருக்கும். பிறகு பெரிய போட்டியில் அந்தச் சலுகையை வைத்துக் கிண்ணத்தைத் தூக்கிவிடலாம். கிளப்பில் ஒருவர் குடித்துவிட்டுச் சண்டை போட்டால் அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். அட்டையை மறைத்தவர் என்ற பெயர் மட்டும் போகாது.

இதற்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் ஹேண்டிகேப் செயலாளர். சம்பளமில்லாத பதவி. அவரும் அங்கே ஓர் அங்கத்தவர்தான். வெள்ளவத்தையில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர்; கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக நட்டங்களை மதிப்பிடும் வேலை. எரிந்துபோன கடை, தண்ணீர் புகுந்த களஞ்சியம் என்று கொழும்பு முழுக்க அலைந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை தோறும் பின்னேரம் ஐந்து மணிக்கு என் மேசைக்கு வந்துவிடுவார். சட்டைக்கை முழங்கை வரை மடிக்கப்பட்டிருக்கும். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் அட்டையையும் என் புத்தகத்தையும் தவிர வேறு எதையும் பார்க்கமாட்டார். அங்கத்தவர்கள் யாராவது “மச்சான், ஒரு சோடா குடியன்” என்று கேட்டால், “முடிச்சிட்டுக் குடிப்பம்” என்பார். முடித்த பிறகு குடிக்கவும் மாட்டார். அவர் என்னிடம் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இருந்தும் எனக்கு அவரிடம் அளவில்லாத பயம் இருந்தது. பிழை விடாத மனிதர்களுக்குப் பக்கத்தில் இருந்து வேலை செய்தவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும்.

வராமல் போன அந்த முப்பத்தெட்டாவது அட்டை, செயலாளருடைய நண்பரின் அட்டை.

அவர் ஒரு பல் வைத்தியர். வெள்ளவத்தையில் செயலாளருடைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவருடைய வீடு. கீழே கிளினிக், மேலே குடியிருப்பு. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கொழும்புக்கு வந்த பிறகும், கலவரங்களுக்குள்ளும், பிள்ளைகளைக் கரையேற்றிய காலத்திலும் ஒன்றாகவே இருந்தவர்கள். சனிக்கிழமைகளில் செயலாளருடைய சாம்பல் நிறக் காரில்தான் இருவரும் வருவார்கள். செயலாளர் எவ்வளவு பேசாதவரோ, பல் வைத்தியர் அவ்வளவு பேசுவார். கவுண்டருக்கு வந்தால், “தங்கச்சி, நல்ல நம்பரா ஒண்டு தாங்கோ. போன கிழமை தந்த கார்டில பந்து முழுக்கத் தண்ணிக்குள்ளதான் போனது” என்பார். நான் சிரிக்க மாட்டேன், தலையைக் குனிந்துகொள்வேன். “சிரிச்சா பல்லைப் பாத்து பில் போட்டிடுவன் எண்டு பயம்” என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வார்.

எங்கள் கிளப்பின் விதி தெளிவானது. எடுத்த அட்டை திரும்பி வந்தே ஆகவேண்டும். ஆட்டத்தைப் பாதியில் விட்டாலும் வரவேண்டும். வராவிட்டால் கடிதம் போகும். ஏழு நாளுக்குள் தகுந்த காரணம் சொல்லாவிட்டால், அவருடைய கடைசி இருபது ஆட்டங்களில் எது மிகச் சிறந்ததோ அந்த ஸ்கோரையே அன்றைக்கும் ஆடியதாகப் பதிந்துவிடுவார்கள். அதற்கு மேல், பெயரும் அறிவித்தல் பலகையில் ஏறும். அப்படிப் பெயர் ஏறியவர் அந்தப் பருவத்தின் கிண்ணப் போட்டியில் இறங்க முடியாது. பல் வைத்தியர் அந்த வருடம்தான், அத்தனை வருட ஆட்டத்தில் முதல் தடவையாக, கிண்ணத்தின் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார். அந்த மழை நாளில் கடைசி மூன்று குழிகளையும் அவர் அபாரமாக ஆடியதைப் பலர் பார்த்திருந்தார்கள். நனைந்தபடி கையைத் தூக்கிக் கூத்தாடியிருக்கிறார். அட்டை வரவில்லை என்ற கதை வெளியே கசிந்ததும் பார் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது.

“டொக்டர் கார்டை பல்லுக்குள்ள வச்சு அடைச்சிட்டாராம்.”

“செக்ரட்டரி அவர்ட ஆள்தானே. பாப்பம், என்ன செய்யிறார் எண்டு.”

இரண்டாவது பேச்சுத்தான் ஆபத்தானது. செயலாளருடைய காதிலும் அது விழுந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை காலை பல் வைத்தியர் அந்தக் கடிதத்தோடு கவுண்டருக்கு வந்தார். செயலாளர் என் பக்கத்தில் நின்றார். நான் புத்தகத்தில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்திருந்தேன்.

“மச்சான், இது என்ன?”

“கார்ட் வரேல்லை.”

“போட்டனான். மழைக்குள்ள ஓடிவந்து பெட்டிக்குள்ள போட்டிட்டுத்தானே காருக்கு வந்தனான். நீ ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிண்டனீ.”

“நீ போட்டதை நான் காணேல்லை.”

“நான் சொல்லுறன், போட்டனான்.”

செயலாளர் என் பக்கம் திரும்பினார். “மிஸ், காய்ஞ்ச பிறகு ஒருக்கா எல்லாத்தையும் எடுத்துப் பாத்தனீங்களா?”

நான் பார்த்திருக்கவில்லை. அன்றைக்கு ஈரத்தில் இரண்டு முறை எண்ணியதுதான். காய்ந்ததும் பதிந்துவிட்டு, றப்பர் பட்டி போட்டு, அந்த மாதத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ‘இல்ல சேர், இப்ப பாக்கிறன்’ என்று சொல்ல ஐந்து நிமிடம் கூடத் தேவையில்லை. ஆனால் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் மூன்று நான்கு பேர் அட்டை வாங்க வந்து நின்றார்கள். வேலையை அரைகுறையாகச் செய்தவள் என்று அவர் நினைத்துவிடுவார் என்று பயந்தேன்.

“ஓம் சேர், பாத்தன்” என்றேன்.

பல் வைத்தியர் என்னைப் பார்க்கவில்லை. நண்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் நீண்டது. பிறகு கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்றைக்கு விளையாடாமல் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை அறிவித்தல் பலகையில் பெயர் ஏறியது. கையெழுத்து செயலாளருடையது. அதற்கு அடுத்த சனிக்கிழமை கிண்ணத்தின் இறுதிச் சுற்று.

முதலாவது குழியில் ஆட்டக்காரர்களை நேரப்படி அனுப்பும் ஸ்டார்ட்டர், சிங்களவர். எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத மனிதர். புதன்கிழமை என் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, “என்ன மிஸ், தொரமார் ரெண்டு பேருக்கும் டிவோஸா? போன சனிக்கிழம இவர் தனிய நிக்கிறது, அவர் வெளையாடாம போறது” என்று சிரித்தார். அவர் சிரித்ததில் பிழையில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. நான் எண்ணியது சரி என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சொன்ன பொய் சின்னது, அதனால் எதுவும் மாறப்போவதில்லை என்றும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, வங்கியில் வேலை செய்யும் ஓர் அங்கத்தவர் வந்தார். அந்த மழை நாளின் அட்டையில் தான் ஏழாவது குழிக்கு ஐந்து போட்டிருந்ததாகவும் பதிவில் ஆறு என்று இருப்பதாகவும் சொல்லி, பார்க்கச் சொன்னார். மாதப் பெட்டியைத் திறந்து, கட்டை அவிழ்த்து, அவருடைய அட்டையை எடுத்தேன். அவர் சொன்னது சரி, ஐந்துதான். திருத்திக் கொடுத்தேன், அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அட்டை இன்னும் என் கையில் இருந்தது. விரல்களுக்கிடையில் அது கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது.

எங்கள் அட்டையில் முன்பக்கம் எண்கள் எழுதும் கட்டங்கள். பின்பக்கம் மைதானத்தின் விதிகள் அச்சிட்டிருக்கும். எடுத்துப் பார்த்தேன். முன்னால் வங்கிக்காரரின் எண்கள், பின்னால் விதிகள். எப்போதும் போல்தான். ஆனால் ஓர் ஓரத்தில் நகத்தை விட்டபோது மயிரளவு பிளவு தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டு தேநீர் போடும் பன்ரிக்குப் போய், கேத்திலைக் கொதிக்கவைத்து, ஆவியில் பிடித்தேன். கிழிந்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று மூச்சையே விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வந்தது. ஒன்றின் முதுகில் மற்றது முகத்தை வைத்து ஒட்டிக் காய்ந்திருக்கிறது. உள்ளே இருந்ததில் பல் வைத்தியருடைய இலக்கம், அவருடைய கையெழுத்து, அவரோடு ஆடியவர் சாட்சிக்கு வைத்த கையெழுத்து, எல்லாம் பென்சிலில் பழுதில்லாமல் இருந்தன.

மொத்தத்தைக் கூட்டினேன். தொண்ணூற்றாறு. அவருடைய ஹேண்டிகேப் பதினெட்டைக் கழித்தால் எழுபத்தெட்டு. கடைசி மூன்று குழிகள் நன்றாகத்தான் இருந்தன. அதற்கு முன்னால் பதினைந்து குழிகளில் பந்தைத் தண்ணீருக்கும் பற்றைக்கும் கொடுத்திருக்கிறார். மறைப்பதற்கு அந்த அட்டையில் எதுவுமே இருக்கவில்லை.

பன்ரியில் யாருமில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அந்த அட்டையை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியவராது என்று நினைத்தேன். என்னுடைய சம்பளத்தில்தான் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். வேலை போய்விடும் என்பதைவிட, ‘பாத்தன் எண்டு சொன்னீங்களே’ என்று செயலாளர் கேட்கும் அந்த ஒரு கணத்துக்குத்தான் அதிகம் பயந்தேன். அட்டையைப் பைக்குள் போட்டும் விட்டேன். கவுண்டருக்கு வந்து உட்கார்ந்தால், எதிரே அறிவித்தல் பலகை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் ஒரு தரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் நான்கு மணிக்குக் கிளப்பின் போட்டிக் குழு கூடி, அடுத்த நாள் இறுதிச் சுற்றுக்கான பட்டியலை முடிவு செய்யும். அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் பலனில்லை.

செயலாளருடைய கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். கைத்தொலைபேசிக்கு எடுத்தேன், பதிலில்லை. ஸ்டார்ட்டரிடம் கவுண்டரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். “மிஸ் வெளிய போறதா? மழ வரப்போகுது இன்னக்கி” என்றார். அத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் நான் கிளப் வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. ஓட்டோ ஒன்றைப் பிடித்தேன்.

கொண்டெய்னர் லொறிகளுக்கு நடுவே வழி விசாரித்து அந்தக் களஞ்சியத்தைக் கண்டுபிடித்தபோது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. உள்ளே தண்ணீர் புகுந்த பருப்பு மூட்டைகள் புளித்து நாறின. செயலாளர் முழங்கால் வரை சப்பாத்து போட்டுக்கொண்டு, கையில் குத்தூசியோடு, ஒவ்வொரு மூட்டையாகக் குத்தி, உள்ளேயிருந்து வரும் பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் புருவம் உயர்ந்தது. நான் அட்டையை நீட்டினேன்.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கையெழுத்துகளைப் பார்த்தார். எண்களை உதட்டுக்குள் கூட்டுவது தெரிந்தது.

“எங்க இருந்தது?”

“வேற கார்டோட ஒட்டி இருந்திச்சு சேர்.”

“ஆருக்கும் காட்டினீங்களா?”

“இல்ல சேர்.”

வாசலில் லொறி ஒன்று பின்னுக்கு வரும் சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய கையில் அந்த அட்டை இருந்தது. அவரும் நானும் தவிர அதைக் கண்டவர் இல்லை. அதைக் கிழித்து அந்த அழுகல் பருப்புக்குள் போட்டால் அவருடைய பெயரும் என்னுடைய வேலையும் தப்பிவிடும். அவர் அப்படிச் செய்துவிடுவாரோ என்று பயந்தேன். செய்ய மாட்டாரா என்று ஆசைப்படவும் செய்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருந்தன.

“நான் கேக்கேக்க, பாத்தன் எண்டு சொன்னனீங்கள்.”

“பொய் சேர். பாக்கல்ல.”

“ஏன்?”

“பயத்தில.”

“என்னிலயோ?”

தலையை ஆட்டினேன். அவர் குத்தூசியைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். “இஞ்ச ஒரு மூட்டையையும் குத்திப் பாக்காமல் நான் எழுதிறேல்லை” என்றார். எனக்குச் சொன்னதுபோல் இல்லை. பிறகு, சாட்சிப் பொருள்களைப் போடுவதற்கு வைத்திருந்த பிளாஸ்டிக் உறை ஒன்றுக்குள் அட்டையை வைத்து என்னிடமே திருப்பித் தந்தார். “நீங்களே கொண்டுவாங்கோ. நாலு மணிக்கு உள்ளுக்கு வந்து, நடந்ததைச் சொல்லோணும். நானும் சொல்லுவன்.”

என்னைக் காப்பாற்றுவார் என்று உள்ளூர நினைத்திருந்தேன் போலும். அவர் காப்பாற்றவில்லை. குழு அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கார்ப்பெட்டைப் பார்த்தபடி நான்கு வசனங்களில் சொல்லி முடித்தேன். ஈரத்தில் ஒட்டியது, நான் திரும்பப் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று சொன்னேன், அது பொய். செயலாளர் எழுந்து நின்றார். “கார்டை எண்ணினது இவா. பெயரைப் போட்டது நான். அவன் போட்டனான் எண்டு எனக்கு முகத்துக்கு நேர சொன்னவன். ரெண்டு பிழையிலயும் பெரிசு என்ரை பிழை” என்றார். குழுத் தலைவர் எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தரச் சொன்னார், வேலை போகவில்லை. பெயரை நீக்கி, பல் வைத்தியரை இறுதிச் சுற்றில் சேர்ப்பதென்று முடிவாயிற்று. ஐந்து மணிக்குச் செயலாளர் பலகையைத் திறந்து பழைய அறிவித்தலை எடுத்துவிட்டு, தன் கையாலேயே எழுதிய புதியதைக் குத்தினார். அட்டை உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டிருந்தது, பிழை எங்களுடையது என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்.

பல் வைத்தியருக்குச் செய்தி போக, அவர் ஆறு மணிபோல் ஒரு டாக்ஸியில் வந்து இறங்கினார். பலகைக்கு முன்னால் நின்று முழுவதையும் வாசித்தார். செயலாளர் படியில் கார்ச் சாவியோடு நின்றார்.

“வா மச்சான், வீட்டை போவம்” என்றார் செயலாளர்.

“பேப்பர் வடிவா எழுதியிருக்கிறாய்” என்றார் பல் வைத்தியர். “நான் சொல்லேக்க நீ நம்பியிருந்தா இந்தப் பேப்பருக்கே வேலையில்லை.”

“எனக்குக் கணக்கு அப்பிடித்தான் இருந்தது.”

“தெரியும். உனக்குக் கணக்கு இருந்தது.”

அவர் வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினார். வழக்கமாகக் கவுண்டரை விட்டு வெளியே வராத நான், அவருக்குப் பின்னால் கார்ப் பார்க் வரை ஓடினேன். மூச்சு வாங்க, “சேர், பிழை என்னில. அவர் கேக்கிறப்ப நான் பொய் சொல்லிட்டன். அவர் நான் சொன்னதத்தான் நம்பினது” என்றேன்.

நின்று திரும்பினார். கோபம் இல்லை அந்த முகத்தில். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. “அது பரவாயில்லை தங்கச்சி. உங்களுக்கு என்னைத் தெரியாது” என்றார். படியில் நின்ற மனிதரை ஒரு தரம் பார்த்தார். “அவனுக்குத் தெரியும்.”

அடுத்த நாள் இறுதிச் சுற்றுக்கு அவர் வரவில்லை. பட்டியலில் அவருடைய பெயருக்கு நேரே கோடு போட்டது நான்தான். அந்த வருட முடிவில் செயலாளர் பதவியை விட்டுவிட்டார். பல் வைத்தியர் சில மாதம் கழித்து மறுபடியும் ஆட வந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில். செயலாளர் சனிக்கிழமைகளில். வெள்ளவத்தையில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்துகொண்டு, இருவரும் தனித்தனிக் காரில் வந்தார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. ஸ்கோரை ஆட்டக்காரர்களே தொலைபேசியில் போட்டுவிடுகிறார்கள். போடாவிட்டால் யாரும் கடிதம் எழுதத் தேவையில்லை. தானாகவே ஒரு செய்தி போகிறது, சரியாக ஏழு நாள் கழித்துத் தானாகவே தண்டனை ஸ்கோர் விழுகிறது. மழைக்கு எதுவும் நனைவதில்லை. அந்தச் செய்தி போவதற்கு முன்னால், யாருடைய ஸ்கோராவது வராமலிருந்தால், நான் ஒரு தரம் அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன். எனக்கு இன்னமும் தொலைபேசியில் பேச வெட்கம்தான். சிலர் எரிச்சல்படுவார்கள். ‘சிஸ்டத்தில இருக்குமே, ஏன் என்னைக் கேக்கிறீங்க’ என்பார்கள். இருக்கட்டும். அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு சிஸ்டத்தைப் பார்க்கிறேன்.

பெரிய போட்டிகளுக்கு மட்டும் இன்னும் அட்டைதான். ஆட்டம் தொடங்கும்போது அட்டைகளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவருடைய ஸ்கோரை மற்றவர் எழுதி, சரி என்று கையெழுத்து வைக்கவேண்டும். யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியலைப் போடுவதும் இப்போது என் வேலை. இத்தனை வருடமும் அந்த இரண்டு பெயர்களும் ஒரே குழுவுக்குள் வராதபடி பார்த்துக்கொண்டேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல. போன மாதம் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டிக்கு இருவருமே பெயர் கொடுத்திருந்தார்கள். பட்டியல் போட உட்கார்ந்தேன். இரண்டு பேர்க் குழு ஒன்று மிஞ்சியது. நீண்ட நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏழு இருபது மணிக்கு அந்த இரண்டு பெயர்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டேன். பட்டியலை அனுப்பிவிட்டுத் தொலைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். யாராவது ஒருவர் எடுத்து, மாற்றுங்கள் என்று சொல்வார். சொன்னால் மாற்றிவிடுவேன், மன்னிப்பும் கேட்டுவிடுவேன் என்று வசனத்தைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பல் வைத்தியர்.

“தங்கச்சி, நாளைக்கு எனக்கு எத்தினை மணிக்கு?”

“ஏழு இருவது சேர்.”

“என்னோட ஆர்?”

அவரிடம் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை. மூச்சு விடுவது கேட்டது. தயார் பண்ணிய வசனம் எனக்கு மறந்துபோயிருந்தது.

“அவனுக்கு இப்ப முழங்கால் ஏலாதாம் எண்டு கேள்விப்பட்டன்” என்றார் கடைசியில். “நடந்து ஆடமாட்டான், வாயால கேக்கவும் மாட்டான். ஏறிப் போக பகி வண்டில் ஒண்டு எழுதி வையுங்கோ.”

“ஒண்டா, ரெண்டா சேர்?”

“ஒண்டு காணும். நான் ஓட்டுறன்.”